இரவின் விலை

நகரங்களின் இராக்கால வாழ்வைப் பற்றிப் பேசப் புகுவோர் பொதுவாக இரு அணிகளாகப் பிரிந்து நிற்கக் காண்கிறோம். ஓரணியினர், மதுச்சாலையும் ஆடலரங்கும் இசைக்கூடமும் நமது பண்பாட்டைக் கெடுக்க வந்தவை என்றும், அவற்றை மூடிவிட்டாற் சமூகம் தூய்மையடைந்துவிடும் என்றும் கூறுவர். மற்றோரணியினர், இரவு தனிமனிதனுக்குச் சொந்தமான பொழுது என்றும், அதில் அவன் எங்கே போகிறான், எதை அருந்துகிறான் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை என்றும் வாதிடுவர். முன்னையவர் பண்பாட்டின் பெயராலும் பின்னையவர் சுதந்திரத்தின் பெயராலும் பேசுகின்றனர். இரு சாராரும் கேளாது விடும் வினா ஒன்றுண்டு. இராக்கால இன்பத்துக்கு ஒரு விலை இருக்கின்றது. அந்த விலையைக் கொடுப்பவர் யார்? நமது சிந்தனைக்குரியது அவ்வினாவே.

இரவை மகிழ்ச்சிக்குரிய பொழுதாகக் கொள்வது மேனாட்டிலிருந்து நேற்று வந்த வழக்கமன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, பகலில் நிகழும் நாளங்காடியோடு இரவில் நிகழும் அல்லங்காடியையும் கூறுகின்றது. முதல் யாமத்தில் ஆரவாரித்த மதுரை, பின்னர் கடையடைத்து உறங்குவதையும் அப்புலவர் காட்டுகின்றார். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வன்னியிலும் கூத்து விடிய விடிய ஆடப்பட்டது. உழைத்துக் களைத்த ஊர், தனக்கு ஓய்வு கிடைத்த காலத்திலே தானே விரும்பிக் கண்விழித்த இரவு அது. ஆடியவரும் பார்த்தவரும் பெரும்பாலும் ஓரூரவர்.

ஆயினும் அந்த இரவைப் பொற்காலமாக்கிவிடுதல் நேர்மையாகாது. மரபுவழிக் கூத்திற் பெண் பாத்திரத்தை ஆணே வேடம் புனைந்து ஆடினான். பெண் களரிக்கு வெளியே இருந்தாள். மதுரைக்காஞ்சி காட்டும் இரவிலும் பரத்தையர் தம்மை அணிசெய்துகொண்டு செல்வ இளைஞரை எதிர்நோக்கினர். எனவே இரவுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள சிக்கல் பழையது. இரவு முழுவதுமே விற்பனைப் பண்டமாக மாறியதுதான் புதியது.

அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? வாயு விளக்கும் பின்னர் மின்விளக்கும் தோன்றியபோது அவை களியாட்டத்தை மட்டும் நீட்டித் தரவில்லை, உழைப்பையும் நீட்டின. இயந்திரத்துக்கு உறக்கம் வேண்டியதில்லை. அது நின்றால் முதலாளிக்கு நட்டம். 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்தில், வேலைநாளைப் பற்றிய அதிகாரத்திலே, மார்க்ஸ் இரவு வேலைமுறையைத் தனியே எடுத்து ஆராய்ந்தமைக்குக் காரணம் இதுவே. பகல் போதாமையால் முதல் இரவையும் கைப்பற்றிக்கொண்டது. உழைப்பை வாங்கிய அதே கை பின்னர் இன்பத்தையும் விற்கத் தொடங்கிற்று. இவ்விரண்டும் ஒரே நிலத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்ததைக் காண விரும்புவோர் பம்பாய் நகரை நோக்கலாம்.

இன்று மும்பை என வழங்கும் அந்நகரிலே பருத்தி ஆலைகள் பல தலைமுறைகளாக இரவும் பகலும் ஓடின. 1982 சனவரியில், தத்தா சாமந்தின் தலைமையிலே ஏறத்தாழ 2,50,000 ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டம் வெற்றி பெறவில்லை. ஆலைகள் பல மீண்டும் திறக்கப்படவேயில்லை. காலப்போக்கில் ஆலை நிலங்களில் அலுவலகங்களும் அங்காடிகளும் மதுச்சாலைகளும் எழுந்தன. அத்தகைய நிலங்களுள் ஒன்று கமலா மில்ஸ் வளாகம். 2017 டிசம்பர் 29ஆந் திகதி, நள்ளிரவு கடந்த வேளையிலே, அங்கு மேல்மாடியில் இயங்கிய களியாட்ட இடங்களில் தீ பரவிற்று. 14 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். வெளியேற வழியறியாது கழிப்பறைப் பக்கம் ஒதுங்கியவர்கள் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். இரவில் வெளியே சென்றதால் வந்த முடிவு என்று அவர்களைப் பழிப்பது எளிது. தீத்தடுப்புக்கும் வெளியேறும் வழிக்கும் உரிய விதிகள் காகிதத்தில் உறங்கியதைக் கேட்பது கடினம். இக்கட்டுரை முழுவதும் நாம் காணப்போகும் வேறுபாடும் இதுவேயாகும்.

இனி விலை கொடுப்போரை ஒவ்வொருவராக நோக்குவோம்.

முதலாமவர், களியாட்டத்துக்குச் செல்லாது தம் வீட்டில் உறங்க முயலும் அயலவர். ஓசை காதுக்கு மட்டுமே தொல்லை என எண்ணுதல் தவறு. மனிதன் உறங்கும்போது அவன் செவி உறங்குவதில்லை. பேரோசை எழும்போது, அவன் விழித்துக்கொள்ளாமலே இதயத்துடிப்பு விரைகின்றது. இரத்த அழுத்தம் உயர்கின்றது. அச்சம் நேர்கையிற் சுரக்கும் சுரப்புகள் சுரக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் இதய நோய்க்கு வழியாகின்றது. உலக சுகாதார தாபனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரவு வேளையிலே வீட்டுக்கு வெளியே நிலவும் ஓசையின் ஆண்டுச் சராசரி 40 தெசிபெல்லைத் தாண்டலாகாது என்று கூறியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவில் 45 தெசிபெல் என எல்லை வகுத்தன. களியாட்ட இசையிலே மிகுந்திருப்பது தாழ்ந்த தொனி. அது சுவரையும் ஊடுருவ வல்லது. வெப்ப நாட்டில் யன்னலை மூடிக்கொண்டு உறங்கக் கூடியவன் குளிரூட்டி வாங்கக் கூடியவனே. ஏனையோர் யன்னலைத் திறந்து வைத்து, காற்றோடு ஓசையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியவராகின்றனர். ஆகவே உறக்கத்திலும் வர்க்கம் உண்டு. அங்கே பால் வேறுபாடும் உண்டு. திடுக்கிட்டு அழும் குழந்தையைத் தூக்க எழுபவள் பெரும்பாலும் தாயே. விடியுமுன் அடுப்பு மூட்ட எழுபவளும் அவளே. அந்த வீட்டுப் பிள்ளையை ஆசிரியராகிய நாம் மறுநாள் முதலாம் பாடவேளையிலே சந்திக்கின்றோம். மேசைமீது தலை சாய்க்கும் அவனைச் சோம்பேறி என்று கூறுமுன், அவன் வீட்டின் அயலில் என்ன இருக்கின்றது என்று கேட்டறிதல் நமது கடமை.

இரண்டாமவர் இரவில் உழைப்பவர். மது பரிமாறுவோர், சமையற்காரர், பாத்திரம் கழுவுவோர், இசைக்கருவி மீட்டுவோர், வாயிற்காவலர், விடிந்தபின் கூட்டித் துடைப்போர் என இவர்கள் பலர். 2022இல் உலக சுகாதார தாபனம், இசை நிகழும் இடங்களுக்கு 100 தெசிபெல் சராசரியை மேலெல்லையாக விதந்துரைத்தது. 85 தெசிபெல் ஓசையை எட்டு மணி நேரம் தாங்கும் செவி, அதற்குமேல் ஒவ்வொரு 3 தெசிபெல்லுக்கும் அந்த நேரத்திற் பாதியை இழக்கும் என்பது செவிநலத்துறையில் வழங்கும் கணக்கு. அவ்வாறு கணித்தால், 100 தெசிபெல்லுக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது 15 நிமிடமே. வாடிக்கையாளர் விரும்பிய நேரத்தில் எழுந்து போய்விடலாம். பரிமாறுபவர் இரவு முழுவதும் அங்கே நிற்கின்றார். அன்றியும், புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 2007இல் உடலின் நாட்சுழற்சியைக் குலைக்கும் இரவுமுறை வேலையை அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று வகைப்படுத்தியது; 2019இல் அம்முடிவை மீண்டும் உறுதி செய்தது. அதற்குச் சான்றாக ஆராயப்பட்டோருட் பலர் இரவிற் பணிபுரிந்த தாதியர். நோயாளிக்காக விழித்திருப்பவளின் உடலும் களிப்பவனுக்காக விழித்திருப்பவளின் உடலும் ஒரே விதத்திற் கேடுறுகின்றன. முன்னையவளின் உழைப்பைப் போற்றும் சமூகம் பின்னையவளின் உழைப்பை உழைப்பென்றே ஏற்க மறுக்கின்றது.

மூன்றாமவள் பெண், அவள் உறங்குபவளாகவும் இருக்கலாம், உழைப்பவளாகவும் இருக்கலாம், வழிச் செல்பவளாகவும் இருக்கலாம். 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியப் பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி ஒன்று, பின்னர் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்குக் காரணமாயிற்று. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வல்லுறவுக்கு ஆளானாள். உதவி வேண்டி அவள் எழுப்பிய குரல், அயலில் ஒலிபெருக்கியிலே முழங்கிய இசையில் அமுங்கிப்போயிற்று. அன்று மாலை அவள் தனக்குத் தானே தீ மூட்டிக்கொண்டு இறந்தாள். ஓசை ஒரு சிறு தொல்லை என்று கூறுவோர் இச்செய்தியைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். இசையை முழங்கவிட்டவர் அச்சிறுமிக்குத் தீங்கு செய்ய எண்ணியவரல்லர். ஆயினும், அயலவரின் குரலைக் கேளாதபடி தம்மைச் சுற்றி ஓசையை எழுப்பிக்கொள்ளும் உரிமை எவருக்கேனும் உண்டா என்ற ஒழுக்கவியல் வினாவுக்கு அச்சிறுமியின் சாவு விடை கூறிவிட்டது. 2005 யூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. ஓசைத் தொல்லையின்றி வாழ்தல் வாழ்வுரிமையின் பகுதி என்று அது கூறிற்று. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு விதிக்கப்பட்ட தடையை வலியுறுத்திற்று.

அதே ஆண்டில், அதே நாட்டில், இரவைத் திருத்த வேறொரு வழியும் கையாளப்பட்டது. பம்பாயிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நடன மதுச்சாலைகள் பல இயங்கின. திரைப்படப் பாடல்களுக்குப் பெண்கள் ஆடுவர். குடித்துக்கொண்டிருக்கும் ஆண்கள் அவர்கள்மேற் பணத்தாள்களை வீசுவர். ஆடிய பெண்களுட் பலர், பரம்பரையாக ஆடற்றொழில் செய்துவந்த தாழ்த்தப்பட்ட குலங்களிலே பிறந்தவர்கள். மகாராட்டிர அரசு 2005இல் சட்டத்தைத் திருத்தி இந்நடனத்தைத் தடைசெய்தது. மது விற்பனை தடுக்கப்படவில்லை. பணம் வீசியவன் வேறிடம் சென்று குடிக்கலாம். உரிமையாளன் மதுவை விற்றுக்கொண்டே இருக்கலாம். வெளியேற்றப்பட்டவள் ஆடியவள் மட்டுமே. 75,000 பெண்கள் தொழிலிழந்தனர் என்று நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. இன்னுமொரு செய்தி கவனிக்கத்தக்கது. மூன்று நட்சத்திரங்களும் அதற்கு மேலும் பெற்ற விடுதிகளுக்கும் உயர்குடியினரின் கழகங்களுக்கும் அத்தடை விதிக்கப்படவில்லை. செல்வன் பார்த்தாற் கலை, ஏழை பார்த்தாற் காமம் என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். பம்பாய் மேல் நீதிமன்றம் 2006இல் அத்தடையைச் செல்லாதாக்கிற்று. 2013 யூலையில் உச்ச நீதிமன்றமும் அம்முடிவை ஏற்று, ஒழுக்கத்தை விடுதியின் தரத்தைக் கொண்டு அளக்கும் போக்கை நிராகரித்தது. அரசு மீண்டும் சட்டம் இயற்றிற்று. வழக்கு மீண்டும் தொடர்ந்தது. 2019 சனவரியில் வந்த தீர்ப்பு, நடனத்தை இரவு 11.30 மணியோடு நிறுத்தவேண்டும் என்ற விதியை ஏற்றுக்கொண்டது. பணத்தை வீசும் வழக்கத்தைத் தடுத்தது. ஆடுபவருக்கு அன்பளிப்புக் கொடுப்பதை அனுமதித்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், அயலவரின் உறக்கமும் ஆடுபவளின் மதிப்பும் பிழைப்பும் ஒரே தராசில் ஒருங்கே வைக்கப்பட்டன. அதற்கிடையிற் சிதறிப்போன குடும்பங்களை எத்தீர்ப்பும் மீட்டுத் தராது.

நமது நாடும் இவ்விடயத்தில் முன்னேறி நிற்கவில்லை. மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் 1979இல் வெளியான அறிவித்தல், பெண்களுக்கு மது விற்பதையும், மது விற்கும் இடங்களில் அனுமதியின்றிப் பெண்களை வேலைக்கு அமர்த்துவதையும் தடைசெய்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி வாயிலாக அத்தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனைத் திரும்பப் பெறுமாறு பணித்தார், தடை மீண்டது. பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். இந்நாட்டிற் குடிப்பவர் யார் என்பதையும் இங்கு நோக்குதல் வேண்டும். 2015ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மது அருந்தும் ஆண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர். பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. குடித்துவிட்டு வீதியிற் கூச்சலிடுபவனும் வீட்டில் மனைவியை அடிப்பவனும் மிகப் பெரும்பாலும் ஆணாயிருக்க, தடை பெண்மீது விதிக்கப்பட்டது. நோய் ஒருவனுக்கு, பத்தியம் வேறொருத்திக்கு என்ற இம்மருத்துவத்தை எந்த வைத்தியன் ஒப்புவான்?

இங்கே நண்பர் சிலர் ஒரு தடையை எழுப்பலாம். தவறணையாலும் சாராயக் கடையாலும் அழிந்த குடும்பங்களின் பெண்களே மதுச்சாலைகளை மூடும்படி கேட்கின்றனரே, அவர்களைப் பிற்போக்காளர் எனலாமா என்பர். ஒருபோதும் கூறலாகாது. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்திலே, எழுத்தறிவு இயக்கத்திற் படிக்கத் தொடங்கிய ஏழைப் பெண்கள், சாராயக் கடைகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அப்போராட்டம் மாநிலமெங்கும் பரவிற்று. 1993இற் சாராயமும், 1995இல் மது முழுவதும் தடைசெய்யப்பட்டன. 1997இல் அரசு வருவாயை எண்ணி மதுவிலக்கைத் தளர்த்திற்று. அப்பெண்கள் எதிர்த்தது யாரை என்பதைக் கவனியுங்கள். விற்பவனையும், குத்தகைக்காரனையும், சாராய வருவாயிற் காலந்தள்ளிய அரசையும் அவர்கள் எதிர்த்தனர். வேறொரு பெண்ணின் பிழைப்பைப் பறிக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. பம்பாய்ச் சட்டம் கடையை விட்டுப் பெண்ணைத் துரத்திற்று. நெல்லூர்ப் பெண்கள் கடையையே கேள்விக்குள்ளாக்கினர். இரண்டையும் ஒழுக்கம் என்ற ஒரே சொல்லாற் குறிப்பது சிந்தனைச் சோம்பல்.

மறுபுறத்திலிருந்தும் ஒரு மயக்கம் வருகின்றது. தடைகளை நீக்கிவிட்டாற் பெண்ணுக்கு இரவு கிடைத்துவிட்டது என்று கூறுவோர் அதற்குரியவர்கள். மதுச்சாலையில் வேலை செய்யும் உரிமை கிடைத்த பெண்ணுக்கு எழுத்திலான ஒப்பந்தம் இல்லை, நள்ளிரவில் வீடு செல்ல வாகனம் இல்லை, கைநீட்டும் வாடிக்கையாளனை வெளியேற்றும் அதிகாரம் இல்லை, சங்கம் அமைக்கும் துணிவுக்கு இடமில்லை என்றால், அவள் பெற்றது சுரண்டப்படுவதிற் சமத்துவம் மட்டுமே. சட்டத்தின் கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் நிலைமைகளைச் சந்தையின் கருணைக்கு விடுவது விடுதலையாகாது.

அப்படியாயின் வழி யாது? தொழிலாளர் இயக்கத்தின் வரலாறே ஒரு படிப்பினையைத் தருகின்றது. சர்வதேசத் தொழிலாளர் தாபனம் 1919இற் பெண்கள் தொழிற்சாலைகளில் இரவில் வேலை செய்வதைத் தடைசெய்து ஓர் உடன்படிக்கையை உருவாக்கிற்று. அதன் நோக்கம் நல்லதே. ஆயினும் விளைவாக, ஆணின் உடலை இரவு அரிக்காது என்ற பொய்யும், பெண்ணுக்குச் சில தொழில்கள் ஒவ்வா என்ற பொய்யும் ஒருங்கே நிலைபெற்றன. 1990இல் அத்தாபனம் புதியதோர் உடன்படிக்கையை ஏற்றது. அது ஆண், பெண் என்ற வேறுபாடின்றி இரவில் உழைப்போர் அனைவருக்கும் மருத்துவப் பரிசோதனை, ஈடு, மகப்பேற்றுப் பாதுகாப்பு முதலியவற்றை வேண்டுகின்றது. பெண்ணை இரவிலிருந்து அகற்றுவதினின்றும், இரவை எல்லோருக்கும் தாங்கக் கூடியதாக மாற்றுவதற்கு உலகத் தொழிலாளர் சிந்தனை நகர்ந்தமை இதனாற் புலனாகும்.

இந்நெறியை இராக்கால வாழ்வு முழுவதற்கும் நாம் விரிக்கலாம். தீங்கை அளந்து அறிதல் வேண்டும். தெசிபெல்லும் நேரமும் அளக்கக் கூடியவை, குடும்பப் பெண் என்ற அடைமொழி அளக்கக் கூடியதன்று. தீங்கின் செலவை இலாபம் பெறுபவன் ஏற்றல் வேண்டும். ஓசையை அடக்கும் சுவர், வெளியேறும் வழி, பணியாளரை வீடு சேர்க்கும் வாகனம் ஆகியவை அவன் செலவில் அமையவேண்டும். விதி செல்வரின் விடுதிக்கும் ஏழையின் கடைக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விதி வகுக்கும் மேசையில் அயலவரும் உழைப்பவரும் அவ்விருவரிலும் பெண்களும் அமர்தல் வேண்டும். இதுவரை அவர்களைப் பற்றிப் பேசினோம், அவர்களோடு பேசியதில்லை.

இறுதியாக நமது சொந்த முற்றத்தைப் பற்றி ஒரு சொல். 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம், வெலிகாமத்து வழிபாட்டிடம் ஒன்றை முன்னிட்டு எழுந்த வழக்கில், இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று பொதுவிதி வகுத்தது. மதுச்சாலையின் ஓசையைக் கண்டிக்கும் நாம் நமது கோயில் வீதியிலே அவ்விதியை எவ்வளவுக்குக் கைக்கொள்கின்றோம்? நோயாளியின் காதுக்குப் பக்திப் பாடலும் களியாட்டப் பாடலும் ஒரே தெசிபெல்தான். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் ஒரு காலத்திற் சின்னமேளம் இரவிரவாக ஆடிற்று. சீர்திருத்தவாதிகள் அதனை எதிர்த்தனர். காலத்தில் அது மறைந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் ஆடவந்த பெண்ணின் பெயர் கெட்ட அளவுக்கு, அவளைப் பணங்கொடுத்து அழைப்பித்த உபயகாரரின் பெயர் கெட்டதா? ஆட்டம் நின்றபின் அவள் எதை உண்டு வாழ்ந்தாள் என்று எவரேனும் கேட்டனரா?

இவ்வினாக்களை வகுப்பறையிற் கேட்பதற்கு நாம் கூசவேண்டியதில்லை. இரவில் வெளியே போகாதே என்று மாணவிக்குக் கூறும் அறிவுரையை நாம் நன்றாகவே மனப்பாடம் செய்திருக்கின்றோம். வீதியில் அவளைக் கண்டால் நீ எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று மாணவனுக்குக் கூறும் பாடம் இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும் பொறுப்பு நம்முடையது.